ஆறாம் குழி அடுப்பு

கிளறன்ஸ்: …இந்த வேகத்துல தோண்டினா அந்தப் பக்கமா அமெரிக்காவுல போய் எந்திரிப்பீங்க. மெதுவா மிஸ்!

கமலாசனி: மெதுவாக் கிண்ட நேரம் எங்க இருக்கு அண்ணை? மணி என்ன?

கிளறன்ஸ்: பத்து இருவது.

கமலாசனி: ரெண்டு மணிக்கு வாய்க்கால் வெட்டுற பெக்கோ மெசின் வந்திடும்.

கிளறன்ஸ்: வரட்டுமே. அஞ்சு குழி வெட்டியாச்சு. அஞ்சுலயும் மண்ணும் மண்புழுவும். ‘இங்க பழைய சாமான் ஒண்ணுமில்ல’ன்னு விவேகானந்தன் சார் ஆபீஸ்ல கடுதாசிகூட டைப் பண்ணி வச்சிட்டாராம். கையெழுத்துதான் பாக்கி.

கமலாசனி: அது அஞ்சு குழிக்கு. இது ஆறாவது.

கிளறன்ஸ்: ஆறாவது, கடைசி.

கமலாசனி: அந்தக் கடைசியை அழுத்திச் சொல்லாதேங்கோ. இதிலயும் ஒண்டும் இல்லையெண்டால் மின்சாரக் கம்பனியின்ர தண்ணி வாய்க்கால் இந்த மட்டமான நிலத்தை ரெண்டாப் பிளந்துகொண்டு போகும். ஏதும் இருந்தால் முப்பது மீற்றர் மேல, பாறைப் பக்கமாத் தள்ளிப் போகவேணும். அவ்வளவுதான்.

கிளறன்ஸ்: மின்சாரக் கம்பனிக்காரனுக்குப் பாறைய ஒடைக்கிறதுன்னா கசக்கும் மிஸ். நம்ம தொல்பொருள் ஆபீசைக் கூப்பிட்டதே ‘ஒண்ணுமில்ல’ன்னு எழுதி வாங்கத்தான்.

கமலாசனி: கூப்பிட்டது அவை. பாக்கிறது நாங்கள். இந்தக் குழிக்கு முளை பிளான்படி சரியாத்தானே அடிச்சனீங்கள்?

கிளறன்ஸ்: …அளந்துதான் அடிச்சேன் மிஸ்.

கமலாசனி: சும்மா கேட்டன்.

கிளறன்ஸ்: நீங்க சும்மா கேக்குற ஆளா? பஸ்ஸுல மணி அடிக்க வெக்கப்பட்டு, ஆபீசுக்கு அம்பிட்டியவுல எறங்க வேண்டியவங்க ரெண்டு ஹோல்ட் தாண்டி எறங்கி நடந்து வந்த ஆளுல்ல நீங்க!

கமலாசனி: அதை இன்னும் விடேல்லையே? ஒரு நாள்தான் அப்பிடி.

கிளறன்ஸ்: ரெண்டு நாள். வாட்சர் சொன்னாரு.

கமலாசனி: வாளியைப் பிடியுங்கோ.

கிளறன்ஸ்: பிடிச்சேன். பசிக்குதா மிஸ்? அம்மா ரொட்டி கட்டிக் குடுத்திருக்கு. கட்டச் சம்பலும் இருக்கு.

கமலாசனி: பாவம், இந்த வயசில விடிய எழும்பி ரொட்டி சுட்டவவோ?

கிளறன்ஸ்: சுட்டு, அடுப்ப அணைச்சு, கேட் வரைக்கும் வந்து என்னை அனுப்பிட்டு, திரும்ப ஓடிப்போய் அடுப்பப் பாத்திருக்கும். அது ஒரு பெரிய கதை மிஸ். பூசைக்குப் போகணும்னா எங்களுக்கு ஒரு மணி நேரம் வேணும். எங்க மஹய்யாவ சந்தி வரைக்கும் வந்து, திடீர்னு நின்னு, ‘டேய்… அடுப்பு?’ன்னு கேக்கும். திரும்பிப் போவோம். அணைஞ்சுதான் இருக்கும்.

கமலாசனி: ஒரு காஸ் அடுப்பு வாங்கிக் குடுக்கலாம்தானே?

கிளறன்ஸ்: குடுத்தேனே! இப்ப மூடின காஸை மூணு தடவ மூடுது. என் தங்கச்சி கல்யாணத்துல, ஃபாதர் மோதிரத்தை மந்திரிச்சுகிட்டு இருக்காரு, கோயிலே அமைதியா இருக்கு… அம்மா என் காதுல, ‘அடுப்பப் பாத்தியா?’

கமலாசனி: சிரிக்க வைக்காதேங்கோ அண்ணை, கை ஆடுது… நில்லுங்கோ.

கிளறன்ஸ்: என்னா?

கமலாசனி: நில்லுங்கோ, நில்லுங்கோ, நில்லுங்கோ. கறுப்பு.

கிளறன்ஸ்: ஏதாச்சும் வேர் கருகினதா இருக்கும்.

கமலாசனி: வேர் இல்லை, மண்ணுக்குள்ள ஒரு படை! குழியின்ர இந்தச் சுவரில இருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரே மட்டத்தில போகுது. கரி… சாம்பல்… அண்ணை, ஆழம்?

கிளறன்ஸ்: முப்பத்தஞ்சு சென்ரி.

கமலாசனி: எரிஞ்ச தரை. இது எரிஞ்ச தரை! லென்ஸ் எங்க? என்ர லென்ஸ்?

கிளறன்ஸ்: கழுத்துல தொங்குது.

கமலாசனி: …ஓம். கொஞ்சம் வெளிச்சம் விடுங்கோ, உங்கட நிழல் விழுது… ஐயோ.

கிளறன்ஸ்: என்னா மிஸ்?

கமலாசனி: அரிசி.

கிளறன்ஸ்: கொஞ்சம் தள்ளுங்க, நான் பாக்குறேன்.

கமலாசனி: கருகின அரிசி, அண்ணை! இந்த உயரத்தில, இந்த மலையில, கரிப்படைக்குள்ள அரிசி! நான் ஒரு அறிக்கையிலயும் இப்பிடி வாசிச்சதில்லை. கையைத் தாங்கோ, ஏறப் போறன். விவேகானந்தன் சேருக்குச் சொல்லவேணும்.

கிளறன்ஸ்: மிஸ், இருங்க. இப்ப சாருக்கு போன் எடுக்காதீங்க.

கமலாசனி: ஏன்? பாறைக்கு மேல சிக்னல் இருக்கு, காலமை பாத்தனான்.

கிளறன்ஸ்: சிக்னலுக்குச் சொல்லல… மிஸ்! ஓடாதீங்க, வழுக்கும்!

கமலாசனி: சேர்? சேர், கேக்குதோ? கமலாசனி… ஓம், ஹுன்னஸ்கிரியாவில இருந்துதான்… குழி ஆறு சேர்! கரிப்படை, அதுக்குள்ள அரிசி… ஓம், அரிசி! அரிசிதான்… இல்லை, நான் கத்தேல்ல சேர்… முப்பத்தஞ்சு சென்ரிமீற்றரில. இன்னும் சல்லடை போடேல்ல, ஆனால்…

கிளறன்ஸ்: மிஸ்.

கமலாசனி: ஒரு நிமிசம் சேர். என்ன அண்ணை? கதைச்சுக்கொண்டு நிக்கிறன்தானே!

கிளறன்ஸ்: இதையும் பாத்துட்டுப் பேசுங்க. அரிசிக்கு அடியில கெடந்துச்சு.

கமலாசனி: என்ன இது, ஈயமோ?

கிளறன்ஸ்: அலுமினியம் மிஸ். உருகிப் போச்சு. பானையோட அடிப்பக்கம். சார் லைன்ல இருக்காரு.

கமலாசனி: சேர்… நான் பேந்து எடுக்கிறன் சேர்.

கிளறன்ஸ்: அதான் எடுக்காதீங்கன்னு சொன்னேன்.

கமலாசனி: நிலம் பிளந்தால் உள்ள போயிடுவன். சேர் இப்ப ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

கிளறன்ஸ்: சிரிக்க மாட்டாரு. ஒரு தடவ அவரே சோடாப் போத்தல் துண்டை எடுத்துட்டு, ‘ரோமாபுரிக் கண்ணாடி’ன்னு ரெண்டு நாள் தூங்கலையாம்.

கமலாசனி: உண்மையோ?

கிளறன்ஸ்: சத்தியமா. வாங்க, எறங்கலாம்.

கமலாசனி: லென்ஸுக்குள்ள வடிவாப் பாத்திருக்க வேணும். இஞ்ச பாருங்கோ… மணி எல்லாம் ஊதி, வெடிச்சு, ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டியாய்க் கிடக்கு. இது அரிசி இல்லை அண்ணை. சோறு.

கிளறன்ஸ்: …ம்.

கமலாசனி: வெந்து முடிஞ்ச சோறு. வடிக்க முதல் கருகிப் போச்சு. சோத்தை அடுப்பில விட்டிட்டு ஆர் எழும்பிப் போவினம்?

கிளறன்ஸ்: …இங்க முன்ன தோட்டத்து ஆளுங்க குடியிருந்த லயம் இருந்துச்சு மிஸ். வரிசையா பன்னெண்டு காம்பரா, வீட்டுக்கு ஒண்ணு. எழுவத்தேழு கலவரத்துல தீ வச்சிட்டாங்கன்னு சொல்லுவாங்க.

கமலாசனி: ஆர் சொல்லுறவை?

கிளறன்ஸ்: ஆளுங்க.

கமலாசனி: அப்ப இப்ப… சரியா முப்பது வருசம்.

கிளறன்ஸ்: பழைய சாமான்னு சொல்ல சட்டத்துக்கு நூறு வருசம் வேணும்ல?

கமலாசனி: ஓம். நூறு வேணும்.

கிளறன்ஸ்: அப்ப இது கணக்குல வராது.

கமலாசனி: சட்டத்தின்ர கணக்கில வராது. பையில போட்டு எழுதுங்கோ. குழி ஆறு, படை இரண்டு. கருகின சோறு, அலுமினியப் பானை.

கிளறன்ஸ்: எழுதிட்டேன். மூடிருவமா மிஸ்?

கமலாசனி: மூடுறதோ? விசரோ உங்களுக்கு? தரைக்குக் கீழ என்ன இருக்கெண்டு பாக்கேல்ல.

கிளறன்ஸ்: தரைய ஒடைக்கணுமா?

கமலாசனி: படம் கீறிப் போட்டு உடைப்பம். நீங்கள்தானே கீறுறது. தரை, சாம்பல், அடுப்புக் கல்லு மூண்டு. மூண்டும் அளவாய் வரவேணும்.

கிளறன்ஸ்: சரிங்க.

கமலாசனி: நான் அந்தப் பக்கத்து மூலையைத் துப்புரவாக்கித் தாறன், பொறுங்கோ. மூண்டாவது கல்லு இன்னும் மண்ணுக்குள்ள…

கிளறன்ஸ்: வரைஞ்சிட்டேன் மிஸ்.

கமலாசனி: எதை?

கிளறன்ஸ்: மூணு கல்லையும்.

கமலாசனி: மூண்டாவதை நான் இன்னும் வெளிய எடுக்கேல்லையே அண்ணை.

கிளறன்ஸ்: …அடுப்புன்னா மூணு கல்லுதான மிஸ். ஒரு குத்துமதிப்புதான். எடுங்க, தப்பா இருந்தா அழிச்சிர்றேன்.

கமலாசனி: …எடுத்தாச்சு.

கிளறன்ஸ்: சரியா இருக்கா?

கமலாசனி: சரியா இருக்கு. மூலை உடைஞ்சிருக்கிறதையும் கீறிப் போட்டியள். சரி, பிக்காசியைத் தாங்கோ.

கிளறன்ஸ்: தரைய நான் ஒடைக்கிறேன் மிஸ். நீங்க மேல வாங்க.

கமலாசனி: ஏன்?

கிளறன்ஸ்: சும்மாதான். நானே ஒடைக்கிறேன்.

கமலாசனி: …சரி அண்ணை. நீங்களே உடையுங்கோ.

கிளறன்ஸ்: கல்லு மாதிரி கெடக்கு. சாணி போட்டு மெழுகி மெழுகி எறுகிப் போச்சு… ம்ம்! விட்டுருச்சு. கீழ செம்மண்ணு மிஸ்.

கமலாசனி: கல்லு, ஓடு?

கிளறன்ஸ்: ஒண்ணுமே இல்ல. சலிச்ச மாதிரி இருக்கு.

கமலாசனி: சலிச்ச மாதிரியோ? கொஞ்சம் விலகுங்கோ… அண்ணை, இது இஞ்சத்தை மண்ணில்லை. வெட்டிக் கொண்டந்து கொட்டின மண். விளங்குதோ?

கிளறன்ஸ்: வெளங்கல.

கமலாசனி: வெள்ளைக்காரன் லயம் கட்டேக்க மலையை வெட்டித்தானே மட்டம் ஆக்கிறவன்? மேல் பக்கம் வெட்டு, கீழ்ப் பக்கம் நிரப்பு. அந்த அஞ்சு குழியும் வெட்டின பக்கம். பழசு எல்லாம் அள்ளுப்பட்டுப் போயிட்டுது. இது நிரப்பின பக்கம்! இதுக்குக் கீழ பழைய தரை அப்பிடியே மூடுப்பட்டுக் கிடக்கும்!

கிளறன்ஸ்: போர்வை போத்தின மாதிரி.

கமலாசனி: போர்வைதான்! கிண்டுங்கோ!

கிளறன்ஸ்: இப்ப யாரு மெதுவான்னு சொல்றது?

கமலாசனி: ஒருத்தரும் சொல்லக்கூடாது. மணி என்ன?

கிளறன்ஸ்: பதினொண்ணு அம்பது.

கமலாசனி: அறுபது சென்ரி… எழுபது… இன்னும் செம்மண். வாளியைத் தாங்கோ, நான் கொட்டுறன்.

கிளறன்ஸ்: ரொட்டி?

கமலாசனி: வாயில வையுங்கோ, கை ஊத்தை… ஆ. சம்பல் உறைக்குது.

கிளறன்ஸ்: அம்மா கை.

கமலாசனி: தொண்ணூறு… நூறு. அண்ணை, நிப்பாட்டுங்கோ. நிறம் மாறுது.

கிளறன்ஸ்: ஆமா, கபிலமாகுது. கையில ஒட்டுது.

கமலாசனி: வெளிய வாங்கோ, பிக்காசி வேண்டாம். கரண்டியும் பிரஷும் போதும். மணி?

கிளறன்ஸ்: ஒண்ணு அஞ்சு. மிஸ்… கீழ் வளைவுல சத்தம் கேக்குது.

கமலாசனி: லொறியா இருக்கும்.

கிளறன்ஸ்: லொறி இப்படி உறுமாது.

கமலாசனி: கேக்காத மாதிரி இருங்கோ… இஞ்ச ஒண்டு மினுங்குது.

கிளறன்ஸ்: கண்ணாடியா? சோடாப் போத்தலா?

கமலாசனி: பகிடி விடாதேங்கோ. வெள்ளைக் கல்லு. படிகக்கல்லு… ஒரு பக்கம் நேர், மற்றப் பக்கம் பிறை. விளிம்பு முழுக்க சின்னச் சின்னதாத் தட்டியிருக்கு…

கிளறன்ஸ்: மலையில உருண்டு வந்த கல்லா இருக்கும்.

கமலாசனி: மலை இப்பிடித் தட்டாது அண்ணை. இது மனுசக் கை.

கிளறன்ஸ்: நெசமாவா?

கமலாசனி: இன்னொண்டு! அண்ணை, இன்னொண்டு! இது உடைஞ்ச துண்டு… இதிலயிருந்துதான் தட்டி எடுத்திருக்கினம்! இஞ்ச இருந்து செய்திருக்கினம்!

கிளறன்ஸ்: மிஸ், அழுவுறீங்களா?

கமலாசனி: வேர்வை.

கிளறன்ஸ்: சரி, வேர்வை. அந்த மூலையில என்னா கறுப்பா?

கமலாசனி: கை வையாதேங்கோ! தொடவே வேண்டாம். உங்கட கை பட்டால் லாப்பில பாக்கிற கரியின்ர வயசு மாறிப் போயிடும். கரி… வட்டமா இருக்கு. கல்லு ஒண்டு… ரெண்டு…

கிளறன்ஸ்: மூணு.

கமலாசனி: மூண்டு.

கிளறன்ஸ்: …அடுப்பா மிஸ்?

கமலாசனி: அடுப்பு.

கிளறன்ஸ்: மேல இருக்கிற அடுப்புக்கு நேர் கீழயா?

கமலாசனி: ஒரு முழம்கூடத் தள்ளியில்லை. காத்துக்கு மறைவான இடம் இதுதான் போல. ரெண்டு காலத்து ஆக்களும் இதைத்தான் கண்டுபிடிச்சிருக்கினம். சுத்தி ஓடு கிடக்கு. தேங்காய்ச் சிரட்டை மாதிரி, ஆனால் சின்னன்…

கிளறன்ஸ்: கெக்குன கொட்டை மிஸ்! கெக்குன! நெருப்புல வாட்டிக் கல்லுல ஒடைச்சா உள்ள பருப்பு இருக்கும். சின்னப் புள்ளையில ஒரு நாளைக்கு ஒரு பை திம்போம்!

கமலாசனி: எங்க?

கிளறன்ஸ்: …மஹய்யாவையில.

கமலாசனி: மஹய்யாவையில, டவுனுக்குள்ள கெக்குன மரமோ?

கிளறன்ஸ்: ஒண்ணு ரெண்டு நின்னுச்சு.

கமலாசனி: …அப்பிடியோ. அந்த ரயில் பாதைப் பக்கமாக்கும்.

கிளறன்ஸ்: ஆமா மிஸ். அங்கதான்… வந்துட்டான்! மிஸ், பெக்கோ வந்திருச்சு!

அழகர்: யாருங்க அது குழிக்குள்ள? மேல வாங்க, மேல வாங்க! இங்கிட்டு வேல தொடங்கணும்.

கிளறன்ஸ்: ரெண்டு மணின்னுதான சொன்னாங்க! இப்ப ஒண்ணு இருவதுதான் ஆகுது. யாரு நீங்க?

அழகர்: அழகர். இந்த மெசின ஓட்டுறவன். ஏத்தத்துல லேட்டாகும்னு முன்னாடியே கெளம்பினேன். இன்னிக்குப் பாத்து வண்டி குதிரையாட்டம் ஏறிருச்சு. நான் என்னா பண்ண?

கிளறன்ஸ்: உக்காந்து ஒரு வெத்தல போடுங்கண்ணே.

அழகர்: வாயில கெடக்குதே. அந்தா செவப்புக் கொடி இருக்கில்ல, அங்கேருந்து வெட்டச் சொல்லி எஞ்சினியரு ஓடரு.

கிளறன்ஸ்: அது குழிக்கு மூணு மீட்டர்! குழி இடிஞ்சிரும்!

அழகர்: அதுக்குத்தான மேல வரச் சொல்றேன்.

கமலாசனி: வரமாட்டன்.

அழகர்: என்னாது?

கமலாசனி: நான்… நான் வரமாட்டன். இதுக்குள்ளதான் இருக்கப் போறன். மெசினை நிப்பாட்டுங்கோ.

கிளறன்ஸ்: மிஸ்?

அழகர்: சத்தத்துல கேக்கலம்மா. என்னா சொல்றீங்க?

கமலாசனி: நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லுறன்! இஞ்சினை நிப்பாட்டுங்கோ!

அழகர்: யம்மாடி! நிப்பாட்டிட்டேன் தாயி, நிப்பாட்டிட்டேன்.

கிளறன்ஸ்: மிஸ்… கத்தினது நீங்களா?

கமலாசனி: தெரியேல்ல. நான் ஏறினால் அவர் வெட்டிப் போடுவார், நான் இதுக்குள்ளயே இருக்கிறன். நீங்கள் பாறைக்கு ஓடுங்கோ. சேருக்கு எடுங்கோ.

கிளறன்ஸ்: நான் என்னா சொல்றது? எனக்கு இந்தப் பாஷை எல்லாம்…

கமலாசனி: நான் இஞ்சயிருந்து சொல்லச் சொல்ல நீங்கள் சொல்லுங்கோ. ஓடுங்கோ அண்ணை!

அழகர்: என்னாம்மா இருக்கு உள்ள? தங்கமா?

கமலாசனி: கல்லு.

அழகர்: கல்லா? கல்லுக்கா இந்தச் சத்தம்? மலை பூரா கல்லுதான கெடக்கு. எங்க, காட்டுங்க… இந்தத் தம்மாத்துண்டா? இத வச்சு என்னா… ஸ்ஸ்! ஆத்தா!

கமலாசனி: தொடாதேங்கோ எண்டு சொல்லுறதுக்குள்ள!

அழகர்: ரத்தம் வருதும்மா! பிளேடு கணக்கா வெட்டிருச்சு!

கமலாசனி: எத்தினை ஆயிரம் வருசம் மண்ணுக்குள்ள கிடந்தது தெரியுமோ? இன்னும் கூர் போகேல்ல.

அழகர்: ஆயிரம் வருசமா! என் வீட்டுக் கத்தி ஆறு மாசம் தாங்கல… இதக் கட்ட துணி இருக்கா?

கமலாசனி: இந்தாங்கோ லேஞ்சி. கல்லைத் துடைக்காதேங்கோ, அப்பிடியே தாங்கோ. உங்கட பேரையும் எழுதவேணும், ‘அழகரின்ர ரத்தம்’ எண்டு.

அழகர்: எம் பேரு புத்தகத்துல வருமா?

கிளறன்ஸ்: மிஸ்! கெடைச்சிட்டாரு! கேக்குதா?

கமலாசனி: கேக்குது! சொல்லுங்கோ! கல்லாயுதம் ரெண்டு, அடுப்பு ஒண்டு, கெக்குன ஓடு!

கிளறன்ஸ்: ‘மறுபடியும் அரிசியா?’ன்னு கேக்குறாரு!

கமலாசனி: இல்லை! இல்லையெண்டு சொல்லுங்கோ!

கிளறன்ஸ்: சொன்னேன்! கலையாத மண்ணான்னு கேக்குறாரு. கம்பனிக்காரன் நாளைக்கு வந்து, ‘நீங்களே கொண்டாந்து போட்டது’ன்னு சொன்னா என்னா செய்றதுன்னு கேக்குறாரு!

கமலாசனி: மேல அறுபத்தைஞ்சு சென்ரி நிரப்பு மண். ஒரு ஓட்டையும் இல்லை. அதுக்கு மேல லயத்துத் தரை. எங்களுக்கு முதல் அதை ஒருத்தரும் உடைக்கேல்ல. அதுக்கும் மேல எரிஞ்ச படை. அதின்ர திகதி, எழுபத்தேழு ஆகஸ்ட்!

கிளறன்ஸ்: ஆகஸ்ட்டுன்னு நான் சொல்லலியே மிஸ்…

கமலாசனி: சேர் லைனில நிக்கிறார், சொல்லுங்கோ!

கிளறன்ஸ்: எழுவத்தேழு ஆகஸ்ட்டு சார்! ஆமா சார்… ஆமா, நம்பிக்கையான தகவல்தான்… மிஸ், சார் கம்பனிக்கு எடுக்குறாராம்! பத்து நிமிசம் எப்படியாச்சும் மெசின நிப்பாட்டி வைக்கணுமாம்!

அழகர்: நான் எங்க போறேன்? எம் பெருவெரலு ஓட்டுற நெலமையிலயா இருக்கு?

கமலாசனி: உங்களுக்குப் புண்ணியமாப் போகும் அழகர் அண்ணை.

அழகர்: அந்த அடுப்புல என்னாம்மா சமைச்சிருப்பாங்க?

கமலாசனி: கெக்குன, நத்தை, குரங்கு, முள்ளம்பன்றி… காட்டில கிடைச்சது.

அழகர்: உப்பு இருந்திருக்காது, பாவம்.

கமலாசனி: உப்பு… அதை நான் யோசிக்கவே இல்லை.

கிளறன்ஸ்: மிஸ், போன் அடிக்குது! சார்தான்! ஹலோ… சொல்லுங்க சார்… ம்… ம்… சரி சார்… ம்…

கமலாசனி: என்னவாம்? அண்ணை, என்னவாம்?

கிளறன்ஸ்: ம்… சரிங்க சார்.

கமலாசனி: என்னவாம் எண்டு கேக்கிறன்!

கிளறன்ஸ்: வாய்க்கால் மேல போகுது மிஸ்! பாறைப் பக்கம்! மட்டத்துல ஒரு கூடை மண்ணுகூட வெட்டக்கூடாதாம்! சார் அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டாராம்!

அழகர்: என்னாம்மா, குழிக்குள்ள உக்காந்துட்டீங்க?

கமலாசனி: இந்த அடுப்பைக் கொஞ்சம் இருந்து பாக்கிறன்.

அழகர்: அப்ப பாறைய நான்தான் ஒடைக்கணும். போச்சு, ஒரு மாசத்துக்குக் காது செவிடு… வரேன் தாயி. எம் பேர எழுத மறந்துராதீங்க. அழகர், இடது பெருவெரலு.

கமலாசனி: கட்டாயம் எழுதுறன்.

கிளறன்ஸ்: கையக் குடுங்க மிஸ். மேல வாங்க. மூஞ்சி பூரா மண்ணு.

கமலாசனி: இருக்கட்டும். தண்ணி இருக்கோ? …படிவத்தை முடிச்சிட்டுப் போவம். நான் வாசிக்கிறன், பிழை இருந்தால் சொல்லுங்கோ, பேந்து கையெழுத்து வையுங்கோ.

கிளறன்ஸ்: அதுக்கு முந்தி… மிஸ், ஒண்ணு சொல்லணும்.

கமலாசனி: வாசிச்ச பிறகு சொல்லலாம். ‘குழி இலக்கம் ஆறு…’

கிளறன்ஸ்: இல்ல, வாசிக்க முந்தி. அந்த முளை பிளான்படி இல்ல. நான் தெரிஞ்சேதான் தள்ளி அடிச்சேன்.

கமலாசனி: ‘…பிளான் புள்ளியில் இருந்து கிழக்கே இரண்டு மீற்றர் பத்து சென்ரிமீற்றர் தள்ளி வெட்டப்பட்டது.’

கிளறன்ஸ்: என்னா மிஸ் சொன்னீங்க?

கமலாசனி: நான் கதைக்கேல்ல அண்ணை, படிவத்தைத்தான் வாசிக்கிறன். ‘காரணம்: உள்ளூர்த் தகவல். தகவல் தந்தவர்: திரு. கிளறன்ஸ், நில அளவையாளர். பிறந்த இடம்: இதே தோட்டம்.’ எழுதின நேரம், காலமை எட்டரை.

கிளறன்ஸ்: எட்டரையா?

கமலாசனி: நீங்கள் தண்ணி எடுக்கப் போனநேரம் டேப் வைச்சு அளந்தனான்.

கிளறன்ஸ்: அது சரி. பொறந்த எடம்?

கமலாசனி: காலமை வரேக்க திகன செக் பொயின்ற்றில ஆமிக்காரன் ரெண்டு பேரின்ர அடையாள அட்டையையும் என்ர கையில தந்தவன்தானே. உங்கட அட்டை மேல இருந்தது, பிறந்த இடத்தோட. சிங்களம் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பன். நீங்கள் வான் கதவைச் சாத்துறதுக்குள்ள வாசிச்சு முடிச்சிட்டன்.

கிளறன்ஸ்: அப்ப நாள் பூரா நான் பொய் சொல்றதக் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?

கமலாசனி: மஹய்யாவையில கெக்குன மரம் எண்டேக்கதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு.

கிளறன்ஸ்: ஏன் மிஸ் ஒரு வார்த்தை கேக்கல?

கமலாசனி: யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டுக்கு என்ன நடந்ததெண்டு நீங்களும் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லையே. அந்த மரியாதைதான்.

கிளறன்ஸ்: …பிளான்படி அந்த முளை நாலாங் காம்பராவுல விழுந்துச்சு மிஸ். பக்கத்து வீடு. இது வழியா வாய்க்கால் போயிட்டா பொறவு ஒண்ணும் மிஞ்சாது. எங்க வீட்டுத் தரைய ஒரு தடவ பாத்தாப் போதும்னு நெனைச்சேன். தண்ணி ஓடுற பழைய கான்ல இருந்து அடியெண்ணி அடிச்சேன். எனக்கு அப்ப ஏழு வயசு… சோத்த வடிக்க அம்மா துணிய எடுத்துச்சு. அந்த நேரந்தான் வெளிய சத்தம். அந்தத் துணியோடதான் ஓடினோம்.

கமலாசனி: இந்தாங்கோ அண்ணை, தண்ணி குடியுங்கோ.

கிளறன்ஸ்: வேல போயிருமா மிஸ்? முளைய மாத்தினதுக்கு?

கமலாசனி: பிளான்படி அடிச்சிருந்தால் எங்களுக்குச் சுவர்க்கல்லு மட்டும்தான் கிடைச்சிருக்கும். இப்ப அம்பிட்டிய ஆபீஸில தேத்தண்ணி போடுறவர் வரைக்கும் எல்லாரும் துள்ளிக்கொண்டு நிப்பினம். காரணத்தை எழுதிப்போட்டு முளையை மாத்தலாம். எழுதியாச்சு. ஒரே ஒரு இடம்தான் வெறுமையாக் கிடக்கு.

கிளறன்ஸ்: எங்க?

கமலாசனி: இஞ்ச. ‘படை இரண்டு: எரிக்கப்பட்ட வீடு, 1977 ஆகஸ்ட். அடுப்பு, பானை, சோறு. வீட்டுக்காரர்…’

கிளறன்ஸ்: மரியகொறற்றி, எங்க அம்மா. அஞ்சாங் காம்பரா.

கமலாசனி: ‘…மரியகொறற்றி, ஐந்தாம் காம்பரா.’ எழுதிட்டன். இனி நீங்கள் கையெழுத்து… எங்க எழும்பிப் போறியள்? அண்ணை?

கிளறன்ஸ்: பாறைக்கு மிஸ். அங்கதான சிக்னல் இருக்கு. அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்துட்டு வந்துர்றேன்… அடுப்பப் பாத்துட்டேன், அணைஞ்சுதான் கெடக்குன்னு சொல்லணும்.